நுங்கம்பாக்கத்தில் நிற்கும் திருவாரூர்த் தேர்

சென்னையில் வளர்ந்த பிள்ளைகள் பலரும் முதன்முதலாகப் பார்த்த பெரிய தேர், ஓடாத தேர். அதற்கு வடம் இல்லை, தேரோடும் வீதி இல்லை, திருவிழா நாளும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் ஒரு காலத்தில் ஏரி இருந்த தாழ்வான நிலத்தில், 128 அடி உயரக் கல்தேராக 1976 முதல் அது நின்றுகொண்டிருக்கிறது. வளாகத்துக்கு வள்ளுவர் கோட்டம் என்று பெயர். திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் ஆழித்தேரைப் பார்த்து அமைத்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். பெரும்பாலோர் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டோம். ஓர் ஊரின் தேரை இன்னோர் ஊரில் ஏன் கட்டினார்கள், மரத்தில் இருந்ததை ஏன் கல்லில் செய்தார்கள், தெய்வம் அமரும் இடத்தில் புலவரை அமர்த்தியபோது தேருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விகள் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் எழுந்தன.

தேடிப் பார்த்து நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்டத்துக் கல்தேர் ஆழித்தேரின் உருவத்தை எடுத்துக்கொண்டது, ஓட்டத்தை விட்டுவிட்டது. அது பெரிய இழப்புதான். ஆனாலும் அதை வெறும் நகல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓடும் தேரைக் கல்லில் நிறுத்திவைப்பது நம் மண்ணில் பல நூற்றாண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் அண்மைக்கால வாரிசு அது. அதன் பின்னால் ஒரு சிறுவனின் ஊர் நினைவும் இருக்கிறது.

அந்தச் சிறுவன் மு. கருணாநிதி. 1924 ஜூன் 3இல் திருக்குவளையில் பிறந்தவர், உயர்நிலைப் பள்ளிக்காகத் திருவாரூருக்கு வந்தார். பள்ளியில் இடம் தர மறுத்தபோது, எதிரே இருந்த கமலாலயத்தில் குதித்துவிடுவேன் என்று சொல்லி இடம் பெற்றதைத் தன்வரலாறான ‘நெஞ்சுக்கு நீதி’யில் எழுதியிருக்கிறார். கமலாலயம் சாதாரணக் குளம் அல்ல. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று அந்த ஊரில் கணக்குச் சொல்வார்கள். கோயில் எவ்வளவு நிலத்தை அடைத்திருக்கிறதோ அவ்வளவு நிலம் தண்ணீருக்கும். அப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளைக்குப் பெரியது என்றால் என்ன என்பது கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது. அந்தப் பெரியவற்றில் எல்லாம் பெரியது தேர். ‘திருவாரூர்த் தேரழகு’ என்பதைத் தஞ்சைப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவர் சிறுவனாக இருந்தபோது இருந்த தேர் அன்றைக்குப் புதியது என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பர் தம் பதிகத்தில் ஆழித்தேரைப் பாடியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டிலேயே ஆரூருக்குத் தேர் அடையாளமாகிவிட்டது. ஆனால் மரத்தேர் நூற்றாண்டுகளைத் தாங்காது. வெயிலில் வெடிக்கும், மழையில் உளுக்கும், நெருப்புக்கு ஒரே நாளில் இரையாகும். பழைய ஆழித்தேர் 1920களில் தீயில் எரிந்துபோயிற்று. அதன்பின் செய்த தேர் 1930இல் வீதிக்கு வந்தது. 1948க்குப் பிறகு அதுவும் நிலையிலேயே நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல், தேருக்குப் பேர்போன ஊரில் தேர் ஓடவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தேரோட்டத்தைப் பெரியவர்கள் வாயால் மட்டும் கேட்டு வளர்ந்தார்கள்.

1969இல் கருணாநிதி முதலமைச்சரானார். 1970இல் ஆழித்தேர் மறுபடி ஓடியது. கடவுள் மறுப்பு இயக்கத்திலிருந்து வந்தவர் கோயில் தேரை ஓடவைக்க முன்னின்றது அன்று பலருக்கும் வியப்பாக இருந்தது. எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. கடவுளைப் பற்றிய கருத்து வேறு, சொந்த ஊரின் பெருமை நின்றுபோய்க் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத மனம் வேறு. அதே பத்தாண்டின் முற்பாதியிலேயே, அதே தேரின் வடிவத்தில் வள்ளுவருக்கு நினைவகம் எழுப்பும் வேலை தலைநகரில் தொடங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனம் புரியும். முதலில் தேரைத் தேரின் ஊரிலேயே ஓட வைத்தார், பிறகு அதன் உருவத்தைத் தான் ஆளும் ஊருக்குக் கொண்டுவந்தார்.

வள்ளுவரை அமர்த்தியதும் அந்தக் காலத்தோடு பொருந்தியதே. சமயம், சாதி எதிலும் கட்டுப்படாத ஒருவரைத் தமிழினத்தின் முகமாக முன்னிறுத்த திராவிட இயக்கம் விரும்பியது. பேருந்துகளில் குறள் எழுதினார்கள். அரசு திருவள்ளுவர் ஆண்டை ஏற்றது. மக்கள் வழிபாட்டுக்குப் பழகிய வடிவங்களில் ஒன்றை எடுத்து, உள்ளே ஓர் அறநூலை வைப்பது அந்த வரிசையில் வந்த அடுத்த செயல்.

இதைக் கல்லில் ஆக்கித் தந்தவர் வை. கணபதி ஸ்தபதி. பிள்ளையார்பட்டியில் 1927இல் பிறந்தவர். மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரிக்கு அவருடைய தந்தை வைத்தியநாத ஸ்தபதிக்குப் பிறகு தலைமை ஏற்றவர். கன்னியாகுமரிக் கடல் பாறையில் 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையும் அவர் வடித்ததே. கோட்டத்துத் தேரில் நிற்கும் சக்கரங்களை ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கினார்கள். தேரின் கீழ்ப்பகுதியில் குறளின் அதிகாரங்களைச் சொல்லும் புடைப்புச் சிற்பங்கள் ஓடுகின்றன. முன்னே யானைகள் தேரை இழுக்கின்றன. திருவாரூர்த் தேரின் முகப்பில் இருப்பவை மரக்குதிரைகள். ஆக, ஸ்தபதி பார்த்ததைப் பார்த்தபடி பெயர்க்கவில்லை. கல்லுக்கு எது பொருந்தும், நிற்கும் தேருக்கு எது பொருந்தும் என்று அவர் தனியே யோசித்திருக்கிறார். பாயும் குதிரை நின்ற இடத்தில் நிற்பதைவிட, அசைந்து நடக்கும் யானை நிற்பது கண்ணை உறுத்தாது என்று நினைத்தாரோ என்பது என் ஊகம்.

அவருக்கு முன்மாதிரிகளும் நிறைய இருந்தன. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் மேலக்கடம்பூர் சிவன் கோயிலின் கருவறையே தேர் வடிவில் இருக்கிறது. அடியில் சக்கரங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்து வேலை. அடுத்த சில பத்தாண்டுகளில் தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த கோயிலில், இராசகம்பீரன் திருமண்டபத்தின் படிக்கட்டுப் பக்கங்கள் குதிரை பூட்டிய தேராயின. தில்லையில் நிருத்த சபையும் தேர்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கோணார்க்கில் நரசிம்மதேவன் சூரியனுக்கு 24 சக்கரங்களோடு ஒரு முழுக் கோயிலையே தேராக்கினான். ஹம்பி விட்டலர் கோயில் முன் நிற்கும் கல்தேர் உண்மையில் கருடனுக்கான சன்னதி. இன்றைய ஐம்பது ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் அது இருக்கிறது. மாமல்லபுரத்துப் பல்லவர் கற்றளிகளுக்குச் சக்கரமே கிடையாது. ஆனாலும் பிற்கால மக்கள் அவற்றை ரதம் என்றே அழைத்தார்கள். மலையைக் குடைந்து நிறுத்திய ஒன்றைக்கூட ஓடப்போகும் தேராகப் பார்க்கும் கண் நம்முடையது.

இந்த வரிசையில் மிக முக்கியமானது திருவாரூரிலேயே இருக்கிறது. கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு வெளியே, மதிலை ஒட்டிய பகுதியில் சிறிய கல்தேர் ஒன்று உண்டு. மனுநீதிச் சோழன் கதையின் தேர் அது. இளவரசன் ஓட்டிய தேர்க்காலில் கன்று சிக்கி இறந்தது, தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அடித்தது, அரசன் தன் மகனைத் தேர்க்காலில் கிடத்தினான். கண்ணகி பாண்டியன் அவையில் சொல்லிக் காட்டிய கதை அது. சேக்கிழார் அதை ஆரூரில் வைத்து விரிவாகப் பாடினார். விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டொன்றும் திருவாரூர்க் கோயிலில் அந்தக் கதையைச் சொல்கிறது. ஆகவே ஆரூரில் இரண்டு தேர்கள்: ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் மரத்தேர், நீதிக்காக நின்றுபோன கல்தேர். ‘வள்ளுவர் கோட்டம் ஆழித்தேரின் வடிவம்’ என்று சொல்பவர்கள் இந்தக் கல்தேரைக் குறிப்பிடுவதில்லை. எனக்கோ அறநூலுக்கு எழுப்பிய கல்தேரில் இரண்டாவதன் சாயலும் கலந்திருப்பதாகவே படுகிறது. மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம். திருவாரூரின் தேர்க்கதை தலைநகருக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறது.

கட்டிமுடிக்கும் தறுவாயில் அரசியல் குறுக்கிட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31இல் திமுக அரசு கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கோட்டத்தைத் திறந்துவைத்தார். எழுப்பியவர் அந்த மேடையில் இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1989 ஜனவரியில் மீண்டும் முதலமைச்சரானபோது, கருணாநிதி பதவியேற்க வள்ளுவர் கோட்டத்தையே தேர்ந்தெடுத்தார். திறப்பு விழாவை இழந்தவர் அங்கேயே உறுதிமொழி எடுத்தார் என்பதில் எவ்வளவு ஆதங்கம் இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

நாங்கள் சூளைமேட்டில் இருந்தோம். எண்பதுகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செலவில்லாமல் போய்வர இடம் என்றால் ஒன்று கடற்கரை, இல்லாவிட்டால் கோட்டம். கடற்கரைக்குப் பேருந்து ஏற வேண்டும், கோட்டத்துக்கு நடந்தே போய்விடலாம். கோடம்பாக்கம் நெடுஞ்சாலைப் பக்கம் வரும்போதே மரங்களுக்கு மேலே கலசம் தெரியும். அன்று அந்த வட்டாரத்தில் அதற்கு இணையாக உயர்ந்த கட்டடங்கள் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் சக்கரத்தை நோக்கி ஓடுவோம். எங்கள் உயரத்தைவிடச் சக்கரம் பெரிது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவோம். கல் அசையாது என்று தெரியாத வயதல்ல. தெரிந்தேதான் தள்ளினோம். ஒருவன் யானையின் துதிக்கையைப் பிடித்துக்கொண்டு ‘ஹே ஹே’ என்று குரல் கொடுப்பான். காவலர் அதட்டுவார். பிறகு அரங்கத்துக்குள் போவோம். ஏறத்தாழ 4,000 பேர் அமரலாம் என்று சொல்லப்பட்ட, நடுவில் தூண் இல்லாத கூடம் அது. கூட்டமில்லாத நாளில் அந்தக் கூடத்தின் வெறுமை எங்களுக்குப் பெரிய விளையாட்டுத் திடல். கூப்பிட்டால் குரல் திரும்பி வரும். மேலே, சுற்றி ஓடும் குறள் மணிமாடத்தில் 1,330 குறளும் கல்லில் இருக்கின்றன. அப்பா எங்களை ஒவ்வோர் அதிகாரமாக நிறுத்தி வாசிக்கச் சொல்வார். நான் அதிகாரத் தலைப்பை மட்டும் உரக்கப் படித்துவிட்டு அடுத்ததற்கு நகர்வேன். அப்படி நகர்ந்தும், எத்தனையோ குறள்கள் இன்றும் எனக்கு அந்தச் சுவரில் இருந்த இடத்தோடுதான் நினைவுக்கு வருகின்றன.

அரங்கத்தின் கூரையே மொட்டை மாடி. அதை வேயா மாடம் என்பார்கள். அங்கிருந்துதான் தேரின் கருவறைக்குப் போக வேண்டும். உள்ளே வள்ளுவர் அமர்ந்திருக்கிறார். பாட்டி அந்தப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவாள். “கோயில் இல்ல பாட்டி இது” என்று சொன்னால், “தேருக்குள்ள உக்காந்திருக்காரு, கோயில் இல்லாம என்னடா” என்பாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு கீழே இறங்குவாள். கட்டியவர்களின் எண்ணமும் பாட்டியின் எண்ணமும் ஒன்றல்ல. ஆனால் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த வடிவத்தோடு சேர்ந்து வரும் பழக்கங்களைத் தடுத்து நிறுத்த முடியாது. தேர் என்று கண்டதும் கை கூப்பிய எத்தனையோ பேரை அந்த மாடியில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் குறளை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அறியாதவர்கள். அவர்களை வள்ளுவரிடம் கொண்டுசேர்த்தது அந்தத் தேர்தான். இதைக் கட்டியவர்களின் வெற்றி என்றே சொல்வேன்.

திருவாரூரில் அசல் தேரைப் பார்த்தது ஒரு கோடை விடுமுறையில். அம்மாவின் அண்ணன் அழைத்துப்போனார். கீழவீதியில் நிலையில் தேர் நின்றது. பெரிதுதான், ஆனால் மொட்டையாக இருந்தது. சக்கரத்துக்கு மேல் அடுக்கடுக்காக மரச் சிற்பங்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நம் ஊரில் இருப்பது இதைவிட உயரம் என்று நான் சொன்னதும் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இது பாதிகூட இல்லடா. மீதிய மூங்கிலும் துணியும் வெச்சுப் பங்குனிக்குக் கட்டுவாங்க. அப்ப வந்து பாரு, அப்பறம் பேசு” என்றார்.

அந்தப் பேச்சில் இருந்த விவரம் எனக்குப் புரிய வயதாக வேண்டியிருந்தது. ஆழித்தேரில் நிலையாக இருப்பது அடித்தேர் மட்டும்தான். பூதப்பார், உறுதலம், நடகாசனம், தேவாசனம், சிம்மாசனம் என்று தச்சர்கள் பெயர் சொல்லும் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து சுமார் 30 அடி. அதற்கு மேல் 48 அடிக்கு மூங்கிலும் பனஞ்சப்பையும் கட்டித் தேர்ச்சீலை போர்த்துவார்கள். அதற்கும் மேலே 12 அடி விமானம், 6 அடி கலசம். எல்லாம் சேர்ந்துதான் 96 அடி. அலங்காரம் முடிந்த பின் எடை ஏறத்தாழ 300 டன். திருவிழா முடிந்ததும் மூங்கிலும் சீலையும் இறங்கிவிடும். நாம் படத்தில் பார்க்கும் ஆழித்தேர் ஆண்டில் சில நாட்களே இருக்கும் தேர். மறு ஆண்டு, போன ஆண்டுத் தேரை நினைவில் வைத்துக்கொண்டு, அதே கைகளோ அவர்களுடைய பிள்ளைகளின் கைகளோ மீண்டும் கட்டுகின்றன.

இங்கேதான் மூலம், நகல் என்ற பாகுபாடு என் கையிலிருந்து நழுவியது. மரத்தேரின் அடிப்பாகம் 1930க்கு முந்தியதல்ல. பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் அச்சும், நீரழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் பொருத்தித் தந்தார்கள். 2010க்குப் பிறகு அதைப் பிரித்துப் புதுப்பித்து, 2016 ஜூனில்தான் மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்தார்கள். மேற்பாகமோ ஒவ்வோர் ஆண்டும் புதியது. ஆழித்தேர் தன்னையே திரும்பத் திரும்பப் படியெடுத்துக்கொண்டுதான் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. பழையதாக இருப்பது மரமல்ல. வடிவமும், அதைக் கட்டும் அறிவும், இழுக்கும் முறையும். கல்தேரில் இவற்றில் வடிவம் மட்டும் தங்கியது. 96 அடியின் எந்தக் கணத்தைக் கல்லில் பிடிப்பது என்ற கேள்வி வந்தபோது, சீலை கட்டிய திருநாள் உருவத்தை ஸ்தபதி தேர்ந்தெடுத்தார். அதனால்தான் சென்னையில் ஆண்டு முழுக்கத் தேர்த்திருநாள் அலங்காரம் கலையாமலே இருக்கிறது.

எதை இழந்தோம் என்பதை அறியத் தேரோட்டத்தைப் பார்க்க வேண்டும். வளர்ந்த பிறகு ஒரு பங்குனியில் போனேன். தேர் தனியாக வருவதில்லை. பிள்ளையார், முருகன், அம்மன், சண்டிகேசுவரர் தேர்களும் உண்டு. தியாகராசர் ஏறிய பெரிய தேர் அசையும் முன்பு சில நொடிகள் ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. ‘ஆரூரா! தியாகேசா!’ என்ற குரல் எழும்போது வடங்கள் இறுகுகின்றன, அப்புறம் ஒரு முனகலோடு சக்கரம் ஓர் அடி நகர்கிறது. பின்னால் இயந்திரங்கள் தள்ளுகின்றன. ஆனாலும் வழியைத் தீர்மானிப்பவர்கள் சக்கரத்தின் பக்கத்தில் நடக்கும் முட்டுக்கட்டைக்காரர்கள். எந்தச் சக்கரத்துக்கு எந்தக் கோணத்தில் எந்தக் கட்டையைப் போட்டால் தேர் எவ்வளவு திரும்பும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். சற்றுப் பிசகினால் கட்டையோடு காலும் போய்விடும் இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். வீதி முனையில் திருப்புவது தனிக் கலை. இரும்புத் தகட்டைப் போட்டு அதன் மேல் சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புகிறார்கள். ஒரு முனைக்கே நெடுநேரம் ஆகிறது. வடம் பிடித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். என் இழுப்பு அந்த 300 டன்னில் எதற்கும் உறை போடக் காணாது. ஆனால் என் கையில் வந்து சேர்ந்த அதிர்வு, முன்னாலும் பின்னாலும் நூற்றுக்கணக்கான கைகளின் வழியாக வந்தது. சிறுவயதில் நுங்கம்பாக்கத்துக் கல் சக்கரத்தைத் தள்ளியபோது நாங்கள் தேடியது இதைத்தான் என்று அன்று விளங்கியது.

பிள்ளைகளும் தேரும் பற்றி நம் இலக்கியம் வெகுநாளாகவே பேசிவருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் விரும்பும்படி செய்த சிறுதேரை, ஏறிப்போக முடியாத தேரை, குழந்தைகள் உருட்டி விளையாடுகிறார்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வச் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேரை ஓட்டிவருகிறார்கள். காயும் நெல்லைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த பொற்குழை அந்தத் தேருக்கு வழிமறிக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் சிறுதேர் உருட்டல். பெரியவர்களின் தேரைச் சிறிதாக்கித் தன் கைக்குள் வைத்துக்கொள்வது குழந்தையின் முதல் கட்டடக்கலை. அதற்கு நேர்மாறாக, சிறுவயதில் பார்த்த தேரைப் பெரிதாக்கித் தலைநகரில் நிறுத்தியது வள்ளுவர் கோட்டம். இரண்டிலும் செயல்படுவது ஒரே ஆசை: எட்டாத உயரத்தில் இருப்பதை நம் தெருவுக்குக் கொண்டுவருவது. வேறுபாடு, சிறுதேர் உருளும். பிள்ளை தயங்காமல் அதன் ஓட்டத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

கல்தேர் ஓடாவிட்டாலும் அதைச் சுற்றிக் கூட்டம் வராமல் இல்லை. கைத்தறிக் கண்காட்சி, புத்தகம், கைவினைப் பொருள் என்று எங்கள் சிறுவயதில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று நடந்தபடி இருக்கும். பின்னர் கோட்டத்தை ஒட்டிய சாலை ஆர்ப்பாட்டங்களுக்கான இடமாயிற்று. சம்பள உயர்வு கேட்கும் ஊழியர்கள், நிலம் பறிபோன விவசாயிகள், மாற்றுத்திறனாளிகள், மீனவர்கள், ஈழத்தமிழருக்காகக் குரல் கொடுத்தவர்கள் எல்லாரும் அந்தத் தேரின் அருகில் நின்று முழக்கமிட்டிருக்கிறார்கள். யாரும் இதைத் திட்டமிடவில்லை; காவல்துறை அனுமதிக்கும் இடம், நகரின் நடுவில் இருக்கும் இடம் என்பதே நடைமுறைக் காரணம். எனக்கோ இது ஆரூர்க் கதையின் தொடர்ச்சியாகப் படுகிறது. ஆராய்ச்சி மணி இல்லாத நகரத்தில், முறையிட வந்தவர்கள் தேரடியில் கூடுகிறார்கள். கோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயன் வேறொன்று இருக்க முடியாது.

இடையில் கோட்டம் பழுதடைந்து கிடந்த ஆண்டுகள் உண்டு. அரங்கத்தில் ஒழுக்கு, மணிமாடத்தில் மங்கிய எழுத்துகள், பூட்டிய கதவுகள். என் பிள்ளைகளை அழைத்துப்போனபோது அவர்களுக்குக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏறத்தாழ 80 கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2025 ஜூன் 21இல் கோட்டம் மீண்டும் திறக்கப்பட்டது. விளக்கொளியில் இப்போது தேர் அழகாகத்தான் இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2023 ஜூன் 20இல், திருவாரூரை அடுத்த காட்டூரில் கலைஞர் கோட்டம் திறக்கப்பட்டது. அதன் வடிவமும் தேர்தான். ஆரூரிலிருந்து கிளம்பிச் சென்னையில் கல்லாக நின்ற வடிவம், அதைக் கொண்டுபோனவரின் நினைவகமாக ஆரூர்ப் பக்கமே திரும்பியிருக்கிறது. ஆழித்தேர் ஓடும் ஊருக்கு அருகில் இன்னொரு ஓடாத தேர்.

கல்லில் நிற்பவற்றைப் புதுப்பிக்கப் பணம் கிடைக்கிறது. கட்டடத்துக்கு ஒரு வரைபடம், ஒரு ஒப்பந்தக்காரர், ஒரு திறப்பு நாள் போதும். ஆழித்தேரை 96 அடிக்கு உயர்த்துவது மூங்கில் கட்டுபவர், சீலை தைப்பவர், முட்டுக்கட்டை போடுபவர் ஆகியோரின் கையில் இருக்கும் அறிவு. அது வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவுமே வந்துகொண்டிருக்கிறது. 1948க்குப் பின் ஏற்பட்ட இடைவெளியிலும், 2010க்குப் பின் ஏற்பட்ட இடைவெளியிலும் அது அறுந்துபோகாமல் இருந்தது நம் நற்பேறு. மூன்றாவது இடைவெளி வந்தால் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது. வள்ளுவர் கோட்டத்தில் ஆழித்தேரின் கட்டுமானத்தை அடுக்கு அடுக்காகக் காட்டும் நிலையான கூடம் ஒன்றை அரசு அமைக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்களின் முறைகளைப் படமெடுத்து, அவர்கள் சொல்லும் பெயர்களோடு பதிவுசெய்ய வேண்டும். சிற்பக் கல்லூரி மாணவர்கள் தேர் கட்டும் நாட்களில் திருவாரூரில் தங்கிக் கற்க ஏற்பாடு வேண்டும்.

சென்னைவாசிகளிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கோட்டத்துக்கு அழைத்துப்போங்கள். சக்கரத்தைத் தள்ளினால் தடுக்காதீர்கள். அடுத்த பங்குனியில், தேரோட்டத்துக்குச் சில நாட்கள் முன்னதாகவே, கீழவீதியில் மூங்கில் ஏறத் தொடங்கும்போது அவர்களைத் திருவாரூருக்குக் கூட்டிச்செல்லுங்கள். தேரோட்டத்தன்று வடத்தில் கை வைக்க யாருக்கும் தடையில்லை.